ரயில் வராத ஸ்டேஷனுக்கு விழா!

ஸ்டேஷன்களுக்குப் பிறந்த நாள் கொண்டாடும் காலம் இது. ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஆண்டு விழா! 1856 ஜூலை 1-ந் தேதி தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஆண்டு விழா! அது 1908 ஜூன் 11-ந் தேதி திறக்கப்பட்டது. முகப்பில் வண்ண விளக்கு, மேடையில் மாலை, அதிகாரிகளின் வாழ்த்துரை, பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ. நல்லது. நாம் குறை சொல்லப் போவதில்லை. நூறு வருஷத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் நின்று கோடிக்கணக்கான ஜனங்களை ஏற்றி இறக்கிய இடத்துக்கு ஒரு நாள் விளக்குப் போட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

ஆனால் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதை ஏர்வாடிக் கடற்கரையில் நின்றுகொண்டு கேட்கிறோம்.

ஏர்வாடியில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. தர்காவுக்கு வருகிறவர்கள், சந்தனக்கூடு பார்க்க வருகிறவர்கள், தீராத நோயாளியைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறவர்கள், முஸ்லிமும் ஹிந்துவும் கிறிஸ்தவரும், எல்லோரும் ராமநாதபுரத்தில் இறங்கி, கீழக்கரை வழியாகப் பஸ் ஏறித்தான் வரவேண்டும். மீனவத் தோழரின் மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதென்றாலும் அதே பஸ், அதே ராமநாதபுரம்தான். அப்படியானால், "எங்கள் ஸ்டேஷன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இந்தக் கரையில் நமக்கு எது இருக்கிறது?

இருக்கிறது. தனுஷ்கோடி!

இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் இளந்தோழர் எழுந்தார். "என்ன காக்கா, ரயிலே வராத ஸ்டேஷன் அது. கூரைகூடக் கிடையாது. நாலு சுவர்தான் நிற்கிறது. அதுக்குப் போய் விழாவா?" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி காலில் தைத்த முள்ளாக உறுத்திக்கொண்டே வந்தது. அந்தத் தோழருக்குச் சொல்லும் பதில்தான் இது.

அந்த ஸ்டேஷன் எதற்காகப் பிறந்தது? நம் ஜனங்கள் சௌகரியமாகப் பிரயாணம் செய்யட்டும் என்று கருணை கொண்டா லண்டன் முதலாளிகளின் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மணல் திட்டிலே தண்டவாளம் போட்டது? இல்லை. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கப்பால் கடல். கடலுக்கப்பால் இலங்கை. இலங்கையிலே வெள்ளைத் துரைமாரின் தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கே இருக்கிறான்? மழை பொய்த்த ராமநாதபுரத்திலே இருக்கிறான், புதுக்கோட்டையிலே இருக்கிறான், திருச்சியிலே இருக்கிறான், சேலத்திலே இருக்கிறான். காணி நிலம் இல்லாத, கடனில் மூழ்கிய அந்த ஆளைக் கரை சேர்க்க ஒரு பாதை வேண்டும். தபாலும் சரக்கும் துரைமாரும் அதே பாதையில் போனார்கள் என்பது உண்மைதான். ஆனால் பெட்டியை நிரப்பியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1914 பிப்ரவரி 24-ந் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நடுவிலே, கப்பல் வந்தால் இரண்டாகப் பிளந்து மேலே எழும் தூக்குப் பாலம். அமெரிக்க எஞ்சினீயர் ஷெர்சரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஷெர்சரின் பெயர் இருக்கட்டும், அது அவர் மூளையின் உழைப்பு. ஆனால் அந்த இரும்பைத் தூக்கியது எது? மின்சாரம் அல்ல. இரண்டு பக்கமும் நின்று லீவரைச் சுற்றிய தொழிலாளியின் தோள்! கடலுக்கு நடுவே, நின்றால் ஆளைத் தள்ளும் காற்றிலே, தலைமுறை தலைமுறையாக அவன் சுற்றினான். பாலத்தைப் படம் பிடித்தவர்கள் ஆயிரம் பேர். லீவரைச் சுற்றியவனைப் படம் பிடித்தவர் எத்தனை பேர்?

அதே 1914-ல்தான் தனுஷ்கோடி பெரிய ஸ்டேஷன் ஆயிற்று. எழும்பூரில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே ரயிலுக்குப் பக்கத்திலேயே கப்பல். கப்பலில் ஏறினால் சுமார் இருபது மைல் தாண்டித் தலைமன்னார். தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்துக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்! இன்றைக்கு ராமேஸ்வரம் மீனவர் எல்லை தெரியாமல் நாலு மைல் போனால் சிறை. அன்றைக்கு ஒரு டிக்கெட்டில் இரண்டு தேசம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி விட்ட கப்பல்களில் ஒன்றுக்குக் கோஷன் என்று பெயர்; மற்றொன்றுக்கு இர்வின் என்று பெயர். ஒருவர் சென்னையின் கவர்னர், இன்னொருவர் இந்தியாவின் வைஸ்ராய். கப்பலின் அடிவயிற்றில் நின்று நிலக்கரி வாரிப் போட்டவனின் பெயரைக் கப்பலுக்கு வைக்கிற வழக்கம் எந்த ராஜ்யத்திலே இருந்தது?

தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்கள் நேராகத் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறிவிட முடியாது. மண்டபம் முகாமில் இறக்குவார்கள். அது இந்திய மண்ணில் இலங்கை சர்க்கார் நடத்திய முகாம்! குளிப்பாட்டி, அம்மை குத்தி, நோய் இல்லை என்று தெரியும்வரை சில நாட்கள் அடைத்து வைப்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று தெரிவதற்கு எண் அடித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். தகர டிக்கெட்! மனிதனுக்கு எண், சாக்குமூட்டைக்கும் எண். இப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கில். 1939-ல் இந்திய சர்க்கார் கூலிகளை இலங்கைக்கு அனுப்புவதற்குத் தடை போடும் வரை அந்த மணல் திட்டின் ஸ்டேஷன் வழியே தமிழனின் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இவர்களை ஏற்றி இறக்கிய தொழிலாளி மட்டும் சுகமாக இருந்தானா? ஸ்டேஷனைச் சுற்றி ஒரு சின்ன ஊரே வாழ்ந்தது. சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதா கோயில், ரயில்வே குடியிருப்பு. போர்ட்டர், பாயின்ட்ஸ்மேன், கலாசி, கேங்மேன். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் தண்டவாளம் பராமரிக்கிற வேலை என்ன வேலை என்று நம் மீனவத் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் வாரித் தள்ளிய மணல் சாயங்காலம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். இரும்பையே தின்கிற காற்று மனிதனை விட்டு வைக்குமா?

அந்தக் கம்பெனியின் குணத்தை 1928 காட்டியது. ஆட்குறைப்பு என்று ஆயிரக்கணக்கான தொழிலாளரை வெளியே தள்ளக் கம்பெனி கிளம்பியது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் பொன்மலையிலும் மூண்ட தீ, ஜூலை மாதத்தில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் பரவிய வேலைநிறுத்தமாயிற்று. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் மலபார் போலீஸ் சுட்டதிலே ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். எழும்பூருக்கும் தனுஷ்கோடிக்கும் ஓடிய பெட்டிகளைப் பழுது பார்த்தவர்களும் தண்டவாளத்தில் வியர்வை சிந்தியவர்களும் ஒரே குடும்பம். ஸ்டேஷன் வரலாறு என்று மேடையில் பேசுகிறவர்கள் கட்டிடத்தின் வளைவையும் தூணையும் செங்கல்லையும் வர்ணிக்கிறார்கள். அந்த ஐந்து பேரின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

இனி அந்த இரவுக்கு வருவோம். 1964 டிசம்பர் 22.

அந்தமானுக்குத் தெற்கே பிறந்த புயல் இலங்கையின் வவுனியாவைக் கடந்து பாக் நீரிணைக்குள் பாய்ந்தது. இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. ஆறு பெட்டிகள். தனுஷ்கோடிக்குச் சற்றுத் தூரத்தில் கைகாட்டி விழவில்லை. வண்டி நின்றது. எங்கும் இருள், மழை, காற்று. டிரைவர் சற்று நேரம் காத்துப் பார்த்துவிட்டு, நீளமாக ஊதலை ஊதி வண்டியை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். அவர் வேறு என்ன செய்ய முடியும்? பின்னாலும் கடல், முன்னாலும் கடல். ஸ்டேஷனில் வெளிச்சம் இருக்கும், மனிதர் இருப்பார்கள் என்று நம்பி நகர்த்தியிருப்பார். இருபது அடிக்கு மேல் எழும்பி வந்தது அலை. ரயில் போயிற்று. ஸ்டேஷன் போயிற்று. துறை போயிற்று. ஊர் போயிற்று.

ரயிலில் இருந்தவர்கள் 115 பேர் என்பது ரயில்வேயின் கணக்கு. பிரயாணிகள் 110, ஊழியர் 5. தோழர்களே, இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். இது டிக்கெட் கணக்கு! டிக்கெட் வாங்காமல் ஏறியவன் கடலில் செத்தாலும் கணக்கில் செத்தவன் இல்லை. அந்த வண்டியில் டிக்கெட் இல்லாமலும் பலர் ஏறியிருந்தார்கள், செத்தவர்கள் இருநூறை எட்டியிருக்கலாம் என்று அப்போதே பேசினார்கள். தகர டிக்கெட்டில் எண்ணாகப் போனவனின் பேரன், காகித டிக்கெட் இல்லாததால் எண்ணாகக்கூடப் பதிவாகாமல் போனான்! அந்தப் பிராந்தியம் முழுவதிலும் மாண்டவர்கள் சுமார் 1,800 என்று எழுதுகிறார்கள். எத்தனை வலைக்காரன், எத்தனை கருவாட்டுக்காரி, எத்தனை கலாசி அந்த "சுமார்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறார்கள்!

விதியின் கொடுமையைப் பாருங்கள். அதற்கு இரண்டு மாதத்துக்குள் முன்புதான், அக்டோபர் 30-ல், சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், 3,00,000 பேர் இலங்கையிலே இருக்கலாம், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். பெரியப்பனும் சிற்றப்பனும் பாகம் பிரிக்கிற வீட்டில் ஆட்டுக்குட்டியைக் கேட்டா பிரிக்கிறார்கள்? தாத்தா எந்த ஸ்டேஷனில் இறங்கிக் கப்பல் ஏறினாரோ அதே ஸ்டேஷனில் பேரன் வந்து இறங்கியிருக்க வேண்டும். அவன் வந்து சேர்ந்தபோது ஸ்டேஷன் இல்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. பிறந்த மண்ணை விட்டு, பார்த்திராத சொந்த நாட்டுக்கு வந்தவனை வரவேற்றது மண்டபம் முகாம். 1980-களில் இனக் கலவரமும் யுத்தமும் மூண்டு அந்தக் கப்பலும் நின்றது. பிறகு படகில் உயிர் தப்பி வந்த அகதிகளுக்கும் அதே மண்டபம்தான் முகாமாயிற்று. ஒரு ரயில் பாதையின் ஓரத்தில் ஓர் இனத்தின் சரித்திரம் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது!

பாம்பன் பாலத்தைப் புயல் விடவில்லை. நூற்றிருபதுக்கு மேற்பட்ட கர்டர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போயிற்று. தூக்குப் பாலம் மட்டும் நின்றது. ஆறு மாதத்தில் சரி செய்யலாம் என்றது ரயில்வே. மூன்று மாதத்தில் முடியுங்கள் என்றார் மேலதிகாரி. 46 நாளில் முடிந்தது! இளம் எஞ்சினீயராக வந்து அந்த வேலையை முன்னின்று நடத்திய ஸ்ரீதரன் அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தார்கள். அவர் அதற்குத் தகுதியானவர், சந்தேகமில்லை. பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையும் டெல்லி மெட்ரோவும் அவர் திறமைக்குச் சாட்சி. ஆனால் கடலடியில் புதைந்த கர்டர் எங்கே கிடக்கிறது என்று தடம் காட்டியவர்கள் மீனவர்கள். இரவும் பகலும் கழுத்தளவு தண்ணீரில் நின்று சங்கிலி மாட்டி இழுத்தவர்கள் கலாசிகள். அந்த 46 நாளின் கூலிப் பட்டியல் ஏதாவது ஒரு ரயில்வே அலமாரியில் தூசி படிந்து கிடக்குமானால், அதுதான் நமக்குப் பொன்னேடு. அதைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007-ல் அகல ரயில் பாதை வந்தது. 2014-ல் பாலத்துக்கு நூற்றாண்டு விழா கொண்டாடினார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தின் மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் புதிய பாலத்தைத் திறந்தார். நடுவிலே 72.5 மீட்டர் நீளத் துண்டு, லிப்ட் போல நேராக மேலே ஏறுகிறது, மின்சாரத்தால். லீவரைச் சுற்றும் தோளுக்கு இனி வேலை இல்லை. அதில் நமக்கு வருத்தமும் இல்லை. மனிதன் மாடு போல இழுக்க வேண்டாம் என்றால் யார் வேண்டாம் என்பது? ராமேஸ்வரம் ஸ்டேஷனைப் புதுப்பிக்கவும் 2022-ல் சுமார் 90 கோடி ரூபாய்த் திட்டத்துக்குக் கல் நாட்டினார்கள்.

தனுஷ்கோடிக்கும் ஒரு கல் நாட்டினார்கள். 2019 மார்ச் 1-ந் தேதி, கன்னியாகுமரியில் இருந்துகொண்டு! ராமேஸ்வரத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர் பாதையை மறுபடி போடுவோம் என்றார்கள். தேர்தல் வந்தது, போயிற்று. ரயில் வரவில்லை. அந்தப் பாதை வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. மன்னார் வளைகுடாவின் உயிர்களுக்குக் கேடு வரும், வலை உலர்த்தும் இடம் போய்விடும் என்கிறவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நம் அபிப்பிராயம் இதுதான்: உல்லாசப் பிரயாணிகளுக்காக ஒரு ரயில் விடுவதற்கு முன்னால், செத்தவர்களுக்காக ஒரு பலகை எழுதுங்கள்.

ஆம், நாம் கேட்பது ஒரு பெயர்ப் பலகை! தனுஷ்கோடியிலே புயலுக்கு நினைவுச் சின்னம் உண்டு. 2017-ல் அரிச்சல்முனை வரை நல்ல ரோடு போட்ட பிறகு, அதைப் பார்க்கக் கூட்டமும் வருகிறது. ஸ்டேஷன் சுவர்களுக்கு முன்னால் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள், சங்கு மாலை வாங்குகிறார்கள், போகிறார்கள். அவர்கள் மீது கோபித்து என்ன பயன்? அந்தச் சுவரில் படிப்பதற்கு ஒரு பெயர் இருந்தால் படிப்பார்கள். அன்றைய டிரைவர், பயர்மேன், கார்டு யார் யார் என்பது ரயில்வேயின் சம்பள ரிஜிஸ்தரில் இல்லாமலா போகும்? தனுஷ்கோடி ஸ்டேஷனிலும் குடியிருப்பிலும் இருந்த ஊழியர் பட்டியல் இல்லாமலா போகும்? அவற்றை ரயில்வே வெளியிடட்டும். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களின் பெயரை நாம் சேகரிப்போம். அதற்கு ரிஜிஸ்தர் வேண்டியதில்லை, இந்தக் கரையில் இன்னும் நினைவுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேலாகிறது. தாமதித்தால் அந்தக் கணக்கும் கடலுக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் ஏர்வாடிக்காரர்களாக நாம் கேட்காமல் விட மாட்டோம். காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரை கடற்கரை ஓரமாக ஒரு பாதை என்று சர்வே எடுத்தார்கள். பட்ஜெட் தோறும் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு ஸ்லீப்பர்கூட விழவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு இந்த ஜில்லாவின் கூலியைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டுமென்றபோது சமுத்திரத்தின் மேலேயே பாலம் போட முடிந்தது. அதே கூலியின் பேத்தி பிரசவத்துக்கு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால், சமதரையில் தண்டவாளம் போட லாபக் கணக்குப் பார்க்கிறார்கள்! போதிய வருமானம் வராதாம். தனுஷ்கோடிக்குப் பாதை போட்டபோது வருமானம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னோம்.

விழாவை எந்த நாளில் வைப்பது? திறந்த நாளான பிப்ரவரி 24-லா, அலை வந்த டிசம்பர் 22-லா? சங்கத்தில் இரண்டு பக்கமும் பேசினார்கள். பிறந்த நாளை ரயில்வே கொண்டாடட்டும், பாலத்தோடு சேர்த்து. நாம் டிசம்பரையே எடுத்துக்கொள்வோம். இளந்தோழரும் இதற்கு ஒத்துக்கொண்டார். "அப்போ சீரியல் லைட் வேணாம் காக்கா, பேரை வாசிக்க ஒரு மைக் மட்டும் போதும்" என்றார்.

வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டிய பிறகு தனுஷ்கோடியில் நிற்க விடமாட்டார்கள். ஆகவே பெயர் வாசிப்பு பகலிலேயே நடக்க வேண்டும். ஏர்வாடியிலிருந்து விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினால்தான் ராமநாதபுரம் போய், ராமேஸ்வரம் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து தனுஷ்கோடி பஸ்ஸில் உச்சிப் பொழுதுக்குள் சேர முடியும். அங்கே நிழல் கிடையாது, பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் குடை எடுத்து வாருங்கள். குடிதண்ணீருக்கு அங்குள்ள மீனவர்கள் மணலில் கையால் தோண்டிய ஊற்றுத்தான். அதில் நாம் போய் வாய் வைக்கக் கூடாது, தண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள். உங்கள் குடும்பத்தில், தெருவில், உறவில் அந்த இரவில் போனவர் யாராவது இருந்தால் பெயர், தகப்பனார் பெயர், ஊர், செய்த தொழில் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். டிக்கெட் வாங்கியிருந்தாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.